ஆறாவது வரி

செப்டம்பர் 18, புதன்

உரக்கடையில் அப்பாவுக்குக் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் யூரியா விளம்பரம். போன வருஷத்து டைரி என்பதால் கிழமை எல்லாம் தப்பு, நானே அடித்துத் திருத்திக்கொள்கிறேன். முதல் வருஷ இன்ஜினியரிங் கூத்தை எழுதி வைத்தால் பிற்காலத்தில் படித்துச் சிரிக்கலாம்.

இன்று முதல் லேப். பைத்தான். ஹால் நிறைய கம்ப்யூட்டர் இருக்கிறது, பாதிக்கு மேல் சீக்கு. அதனால் ஒரு சிஸ்டத்துக்கு இரண்டு பேர், பதிவு எண் வரிசைப்படி. சங்கரவடிவுக்கு அடுத்த பெயர் சந்தனமேரி. ஆக, எனக்கும் அவளுக்கும் ஒரே கீபோர்டு.

மேரி ஹாஸ்டலில் இருக்கிறாள். உவரிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். தமிழ் மீடியம், பிளஸ் டூவில் பயாலஜி. கம்ப்யூட்டரை ஈ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கும்போது பார்த்ததோடு சரியாம். நான் கம்ப்யூட்டர் சயின்ஸில் நூற்றுக்கு நூறு. லேப் எடுக்கும் ஜெபக்கனி மேடம் ஜோடி சேர்த்ததும் பின் வரிசையில் ஒருத்தி, "மேரிக்கு லாட்டரி அடிச்சிட்டு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

முதல் வேலை, பெயரைத் திரையில் வரவைப்பது. மேரி ஒற்றை விரலால் தட்டித் தட்டி அடித்தாள். கடைசி அடைப்புக்குறியை விட்டுவிட்டாள். சிவப்பு எழுத்தில் இரண்டு மூன்று வரி ஆங்கிலம் வந்து நின்றது. சூடு பட்டவள் மாதிரி கையை எடுத்துவிட்டாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கெடுத்துட்டேனாட்டி?" என்று கேட்டாள்.

"நீ அதப் பாக்காத. நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி, அழித்து, சரியாக அடித்துக் கொடுத்தேன். கண்கலங்கி நன்றி சொன்னாள். பாவம்.

செப்டம்பர் 25, புதன்

நான் அடிக்கிறேன், மேரி பார்க்கிறாள். இது இரண்டு பேருக்கும் வசதி. மேடம் வருவதற்குள் அவுட்புட் வந்துவிடுகிறது. அவள் பெயரிலும் ஒன்று சேமித்துவிடுகிறேன். எங்கள் வரிசையில் எங்களுக்குத்தான் முதலில் கையெழுத்து விழுகிறது.

மேரியை ஒரு அறக்கட்டளை படிக்க வைக்கிறது. ஒவ்வொரு செமஸ்டரும் எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும். ஒன்றில் அரியர் விழுந்தாலும் நிறுத்திவிடுவார்களாம். அவள் அண்ணன் கடலுக்குப் போகிறவர், அவரால் இந்தக் காலேஜுக்குக் கட்ட முடியாது. சாப்பிடும்போது இதைச் சொன்னாள். மற்றப் பாடமெல்லாம் பயமில்லை, இந்தப் பைத்தான் லேப் ஒன்றுதான் பயம் என்றாள். நான் இருக்கும்போது உனக்கு என்ன கவலை என்றேன்.

வீட்டில் சொன்னதும் அம்மாவுக்குப் பெருமை. "ஊரான் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானா வளரும்" என்று அவளுடைய பழமொழியை எடுத்துவிட்டாள். ஊட்டித்தான் வளர்க்கிறேன்.

அக்டோபர் 10, வியாழன்

நாளை லீவு என்பதால் லேபில் இன்றே ஆயுதபூஜை. பொரி, கடலை, சுண்டல். ஜெபக்கனி மேடம் கிறிஸ்தவர், இருந்தாலும் முன்னால் நின்று நடத்தினார். சந்தனத்தை சிபியு பெட்டியில் மட்டும் வையுங்கள், கீபோர்டில் வேண்டாம் என்று அவர் சொன்னது உண்மை. நமக்குத்தான் கை தாராளமாயிற்றே. மானிட்டரில் மூன்று பட்டை இழுத்து, கீபோர்டில் ஓரமாக நாலைந்து கீயில் பொட்டு வைத்து, குங்குமமும் இட்டேன். கல்யாணப் பெண் மாதிரி ஜம்மென்று இருந்தது.

மேரி, "உள்ள எறங்கிறப் போவுதுட்டி" என்றாள். பெரிய இன்ஜினியர்.

அக்டோபர் 16, புதன்

இறங்கித்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் துடைத்ததும் சரியாகிவிட்டது. கோலன் கீ மட்டும் மக்கர் பண்ணுகிறது. பைத்தானில் பாதி வரி முடிவது அந்த இரண்டு புள்ளியில்தான். அழுத்தி, ஒரு நொடி பிடித்து விட்டால் விழுகிறது. இரண்டாவது புரோகிராமுக்குள் என் விரலுக்குப் பழகிவிட்டது. மேடத்திடம் சொன்னால், நான் அப்பவே சொன்னேனே என்று ஆரம்பிப்பார். சொல்லவில்லை.

நவம்பர் 6, புதன்

எண்களை வரிசைப்படுத்தும் புரோகிராம். பபுள் சார்ட் என்று பெயர். உண்மையைச் சொன்னால் எனக்கு இது பிளஸ் டூவிலேயே மனப்பாடம்தான். லூப்புக்குள் லூப் ஏன் என்று கேட்டால் முழிப்பேன்.

போர்டைப் பார்த்துக்கொண்டே இருந்த மேரி மெதுவாக என் காதில் சொன்னாள்: "இது எங்க பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர் உயரவாரியா நிக்க வைக்க மாதிரில்லாட்டி இருக்கு. பக்கத்துல நிக்கவளப் பாரு. அவ குட்டைன்னா முன்னால வரட்டும், நீ பின்னால போ. வரிசை முழுக்க இதே. பொறவு மறுபடியும் மொதல்ல இருந்து. ஒருத்தரும் எடம் மாறலன்னா வரிசை சரியாயிட்டுன்னு அர்த்தம்."

எனக்கு அப்போதுதான் அந்த இரண்டாவது லூப் எதற்கு என்று விளங்கியது.

மேடம், யாராவது சொந்த வார்த்தையில் விளக்க முடியுமா என்று கேட்டார். மேரிக்கு எழுந்து ஆங்கிலத்தில் பேச வராது. நான் எழுந்தேன். உயர வரிசையையே ஆங்கிலத்தில் சொன்னேன். மேடம் கைதட்டச் சொன்னார். இத்தனை வருஷத்தில் இவ்வளவு எளிமையாக யாரும் சொன்னதில்லை என்றார்.

மேரியும் கைதட்டினாள். யார் சொன்னால் என்ன, வகுப்புக்குப் புரிந்தது அல்லவா.

நவம்பர் 7, வியாழன்

மேரி எப்போதும்போலத்தான் பேசினாள். நான்தான் வீணாக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 20, புதன்

பஸ் லேட். மாடல் தேர்வு அட்டவணை ஒட்டியாயிற்று. அம்மாவுக்குச் சளி.

லேபில் மேரி, "இன்னைக்கு நான் அடிக்கட்டா?" என்றாள். சரி என்று நாற்காலியை நகர்த்திக் கொடுத்தேன். ஒவ்வொரு எழுத்தையும் தேடிக் கண்டுபிடித்து அடித்தாள். மூன்றாவது வரியிலேயே இரண்டு புள்ளி விழவில்லை. அவள் அதைக் கவனிக்காமல் அடுத்த வரிக்குப் போய்விட்டாள். எனக்குக் கை துறுதுறுத்தது. பக்கத்து ஜோடிக்கு மேடம் கையெழுத்துப் போட ஆரம்பித்தாயிற்று. "தள்ளு, தள்ளு" என்று நானே வாங்கிப் புள்ளியை வைத்து மீதியை முடித்துவிட்டேன்.

"நான் இன்னும் முடிக்கல" என்றாள்.

"அடுத்த வாரம் முழுசா நீதான்" என்றேன்.

அடுத்த வாரம் மழைக்கு லீவு விட்டுவிடுவார்கள் போலிருக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

டிசம்பர் 4, புதன்

பிராக்டிகல் தேர்வு நெருங்கிவிட்டது. தேர்வில் ஆளுக்கு ஒரு சிஸ்டம். டப்பாவில் போட்ட சீட்டை எடுக்க வேண்டும், வந்த புரோகிராமைப் பேப்பரில் எழுதி, அடித்து, அவுட்புட் காட்ட வேண்டும். வெளியில் இருந்து எக்ஸாமினர் வருவார்.

மேரிக்கு வழி சொல்லிவிட்டேன். யோசிக்காதே, பாடத்திட்டத்தில் உள்ள அத்தனையையும் அப்படியே உருப்போட்டுவிடு, எது வந்தாலும் கொட்டிவிடலாம். அவள், தப்பு வந்தா எப்படித் திருத்தன்னு மட்டும் காட்டித் தாயேன் என்றாள். உருப்போட்டால் தப்பு எப்படி வரும்? நான் அப்படித்தானே நூற்றுக்கு நூறு வாங்கினேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

இன்று பிராக்டிகல்.

பதிவு எண் வரிசையில் கடைசியில் இருந்து உட்கார வைத்தார்கள். எங்கள் பழைய சிஸ்டம் மேரிக்கு வந்தது. எனக்கு அதற்குப் பக்கத்துச் சிஸ்டம், யாரோ நன்றாக வைத்திருந்த கீபோர்டு. எனக்குச் சீட்டில் ஃபேக்டோரியல். மேரி தன் சீட்டைப் பிரித்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சீட்டைச் சற்றுச் சாய்த்துக் காட்டினாள். பபுள் சார்ட்! எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அவளுக்குத் தெரிந்த ஒன்று இருக்குமானால் அது அதுதான்.

நான் சீக்கிரமே முடித்துவிட்டேன். அவுட்புட்டை வைத்துக்கொண்டு எக்ஸாமினருக்காகக் காத்திருந்தேன். வேறு வேலை இல்லாததால் மேரியின் திரையைப் பார்த்தேன். அதைக் காப்பி என்று சொல்ல முடியாது, என்னுடையதுதான் முடிந்துவிட்டதே.

ஒற்றை விரலால் பொறுமையாக அடித்தாள். முழுதாக அடித்துவிட்டாள். ஓட்டினாள். சிவப்பு வந்தது.

மேரி இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

திட்டவில்லை, அழவில்லை, திரும்ப ஓட்டிப் பார்க்கவும் இல்லை. சிவப்பு எழுத்தை அவள் பார்க்கவே இல்லை, கீழே கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்காதே என்று சொன்னது நான்தான். இருந்த இடத்தில் இருந்தே எனக்குத் தெரிந்தது. ஆறாவது வரி. கடைசியில் இரண்டு புள்ளி இல்லை. அவ்வளவுதான். "ஆறாவது வரி" என்று வாய்க்குள் முனகினாலே போதும், அவளுக்குக் கேட்டிருக்கும்.

எக்ஸாமினர் இரண்டு வரிசை தள்ளி நின்றார். பேசினால் இரண்டு பேப்பரையும் வாங்கிவிடுவார் என்று காலையிலேயே சொல்லியிருந்தார். நான் என் அவுட்புட்டைப் பார்த்துக்கொண்டேன்.

அவர் மேரியிடம் வந்தார். பேப்பரைப் புரட்டிப் பார்த்து, எழுதியது சரியாகத்தானே இருக்கிறது, ஏன் ஓடவில்லை என்று ஆங்கிலத்தில் கேட்டார். மேரி எழுந்து நின்றாள். உட்கார்ந்து திருத்தச் சொன்னார். அவள் கை மடியை விட்டு எழுந்து, பாதியில் நின்று, திரும்பவும் இறங்கியது. மனப்பாடம் பண்ணிட்டு வந்துடறாங்க என்று மேடத்திடம் தமிழில் சொன்னார். அவுட்புட் இல்லாமல் பாஸ் போட முடியாது என்றார்.

என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டு, வெரி குட் சொல்லிவிட்டுப் போனார்.

டிசம்பர் 18, புதன்

கேட்காமலே மூன்று மாதம் உதவி செய்தேன். நேற்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை எழுதிவிட்டு அழித்தேன், திரும்பவும் எழுதியிருக்கிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். பரீட்சையில் சொல்லிக் கொடுப்பது தப்புதானே என்றேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "பரீட்சையில சொல்லாதது தப்பில்ல. அதுக்கு முந்தி சொல்லிக் குடுத்தியாட்டி?" என்றாள். எனக்குக் கோபம் வந்து எழுந்து போய்விட்டேன்.

டிசம்பர் 20, வெள்ளி

அந்தக் கீ.

டிசம்பர் 21, சனி

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இன்று எழுதித்தான் ஆகவேண்டும்.

மேரி பேப்பரில் வேண்டிய எல்லா வரியிலும் இரண்டு புள்ளி வைத்திருந்தாள். எக்ஸாமினர் புரட்டும்போது நானே பார்த்தேன். பேப்பரில் வைத்தவள் திரையில் மட்டும் விடுவாளா? அவள் அழுத்தியிருப்பாள். மற்ற வரியில் எப்படியோ விழுந்திருக்கிறது, ஆறாவது வரியில் விழவில்லை. அந்தக் கீ அப்படித்தான் என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவளைத் தொடவிட்டால்தானே தெரியும்.

அன்று கையைத் தூக்கி, "சார், அந்த சிஸ்டத்துல கோலன் கீ சரியா விழாது" என்று சொல்லியிருக்கலாம். அது காப்பியே இல்லை. தண்ணீர் கேட்பதுபோல எழுந்து சொல்லக்கூடிய விஷயம். அப்போது எனக்கு அது தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் சொல்லியிருப்பேனா என்று கேட்டால், தெரியவில்லை.

டிசம்பர் 25, புதன்

மேரிக்கு வாழ்த்து டைப் பண்ணி, அனுப்பாமல் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

ரிசல்ட். எனக்கு எல்லாவற்றிலும் நல்ல கிரேடு. மேரிக்கு மற்ற எல்லாவற்றிலும் பாஸ். கணக்கில் என்னைவிட அதிகம். பைத்தான் லேபில் மட்டும் அரியர்.

மேடத்திடம் போய்ச் சொல்லலாம் என்று ஸ்டாஃப் ரூம் வாசல் வரை போனேன். உள்ளே கூட்டமாக இருந்தது.

பிப்ரவரி 10, திங்கள்

போய்ச் சொன்னேன். கீயைப் பற்றி மட்டும் சொன்னேன், சந்தனத்தைப் பற்றிச் சொல்லவில்லை. மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கே சொல்லியிருந்தால் வேறு சிஸ்டத்துக்கு மாற்றியிருப்பேனே, மார்க் போய்ச் சேர்ந்த பிறகு என்னம்மா செய்ய என்றார். அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்க்கிறேன் என்றார்.

பிப்ரவரி 17, திங்கள்

மேடம் கடிதம் எழுதியும் அறக்கட்டளை விதியை மாற்றவில்லை. மேரி ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டுப் போனாள். அவள் அண்ணன் வந்திருந்தார். கட்டைப்பையையும் பக்கெட்டையும் அவர் தூக்கிக்கொண்டார். அரியரை ஏப்ரலில் எழுதித் தேறினால் திரும்பச் சேரலாம் என்று யாரோ சொன்னதற்கு, சேந்து ஃபீஸுக்கு எங்க போவ என்று சிரித்தாள்.

என்னிடம், "நீ ரொம்ப ஒத்தாசை பண்ணின வடிவு. என் மண்டைலதான் ஏறல" என்றாள். அண்ணனிடமும், "நான் சொன்னேம்லா, இவதான்" என்று என்னைக் காட்டினாள். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் ராத்திரி சோறாவது இறங்கியிருக்கும்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று அம்மா அடிக்கடி சொல்வாள். இதுவரை அது வெறும் பழமொழியாக இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

மேரி போன் பண்ணினாள். திசையன்விளையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாளாம். நல்லா இருக்கேன், நீ நல்லா இருக்கியா, அம்மைக்குச் சளி எப்படி என்றெல்லாம் கேட்டாள். பிறகு சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள்.

"இங்க பில்லு போடுத கம்ப்யூட்டர்ல நேத்து செவப்பா வந்துட்டுட்டி. கைய எடுத்துட்டு இருந்துட்டேன். கடை அண்ணாச்சி வந்து, என்னம்மா எழுதியிருக்கு, படி, அதுலயே இருக்கும்னாவ. படிச்சேன். பேப்பர் தீந்துட்டுன்னு எழுதியிருக்கு. அவ்வளவுதான். பேப்பரப் போட்டேன், ஓடிட்டு."

நான் ம் கொட்டினேன்.

"எங்க தப்புன்னு அதுவே சொல்லுமா வடிவு? காலேஜ்ல உள்ளதும் சொல்லுமா?"

"சொல்லும்."

போனில் அவளுக்குப் பின்னால் யாரோ துணி கிழிக்கும் சத்தம் கேட்டது.

"அன்னைக்கு அதுல என்ன எழுதியிருந்து? நீ பாத்தல்லா?"

பார்க்கவில்லை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

"ஆறாவது வரில ரெண்டு புள்ளி இல்லன்னு இருந்து மேரி."

"நான் வச்சேனே. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, வச்சேன்."

"நீ வச்ச. அந்தக் கீ சரியா விழாது. பூஜைக்கு நான் வச்ச சந்தனம் உள்ள எறங்கிட்டு. அமுக்கிப் பிடிக்கணும். எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியும்" என்றாள் மேரி. கேள்வியாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு, "அப்பம் என் மண்டைல ஏறித்தான் இருந்திருக்கு" என்றாள்.

மன்னித்துவிடு என்று நான் தொடங்கினேன். அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. ஆள் வந்துட்டு, வைக்கேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். நான் திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

மார்ச் 12, புதன்

இப்போது எனக்கு ஜோடி இல்லை, முழுச் சிஸ்டமும் எனக்குத்தான். லேப் முடிந்து எல்லாரும் போன பிறகு, ஹேர்பின்னால் அந்தக் கீயை நெம்பிக் கழற்றினேன். உள்ளே மஞ்சளாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. துப்பட்டா நுனியை நனைத்துத் துடைத்து, திரும்பப் பொருத்தினேன். மேரி மாதிரி ஒற்றை விரலால் மெதுவாகத் தட்டிப் பார்த்தேன். விழுந்தது. திரும்பத் தட்டினேன். விழுந்தது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வாசலில் இருந்து மேடம் கூப்பிட்டார். கழற்றித் துடைத்துப் பொருத்த இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.